கோர்சிகாவின் வளைவுச் சாலைகளில் குழுவாக பைக் பயணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மத்தியதரைக் கடலில் பிரான்சுக்கு உட்பட்ட கோர்சிகா தீவை ஒரு வார காலம் குழுவாக மோட்டார் சைக்கிளில் சுற்றிவரத் திட்டமிடுபவர்கள், புறப்படுவதற்கு முன் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் தரப்பட்டுள்ளது. குழுவின் முன்னாலும் பின்னாலும் மாறி மாறி ஓட்டிய அனுபவத்திலிருந்து எழுதப்பட்டதால் சில இடங்களில் தொனி கறாராக இருக்கலாம். அந்தக் கறார் பெரும்பாலும் வேகத்தைப் பற்றியது.

ஏன் கோர்சிகா?

ஏறத்தாழ 183 கிலோமீட்டர் நீளமும் 83 கிலோமீட்டர் அகலமும் மட்டுமே கொண்ட இத்தீவின் நடுவே, 2,706 மீட்டர் உயரமுள்ள மோன்தே சிந்தோவை உச்சியாகக் கொண்ட மலைத்தொடர் கடலிலிருந்தே எழுந்து நிற்கிறது. கடற்கரைக்கும் கணவாய்க்கும் இடையே அதிகத் தொலைவு இல்லாததால், சாலைகளுக்கு மலையைச் சுற்றிச் சுற்றி ஏறுவதைத் தவிர வேறு வழி கிடையாது. 1956-இல் தொடங்கிய இத்தீவின் கார் பந்தயத்துக்கு ‘பத்தாயிரம் வளைவுகளின் பந்தயம்’ என்ற பட்டப்பெயர் வந்ததும் இதனால்தான். சுங்கச் சாலை ஒன்றுகூட இங்கே இல்லை. கிழக்குக் கடற்கரைச் சமவெளியை விட்டால் நீண்ட நேர்சாலைகளும் அரிது.

எவ்வளவு ஓட்டும் அனுபவம் வேண்டும்?

உரிமம் வாங்கி எத்தனை ஆண்டுகள் ஆயின என்பதை நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. நெடுஞ்சாலையில் ஒரே மூச்சில் பல நூறு கிலோமீட்டர் ஓட்டிய அனுபவமும் இங்கே அதிகம் கைகொடுக்காது. பயணத்தில் ஏற்றப்போகும் முழுச் சுமையுடன் உங்கள் வண்டியை ஓர் இருவழிச் சாலையின் அகலத்துக்குள் கால் ஊன்றாமல் முழுவதுமாகத் திருப்ப முடிகிறதா, செங்குத்தான இறக்கத்தில் வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து முடித்துவிட முடிகிறதா என்பதைப் புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பாவது சோதித்துப் பாருங்கள். இவ்விரண்டும் கைவந்துவிட்டால் மற்றவற்றை வழியில் கற்றுக்கொள்ளலாம். கைவராவிட்டால், ஆளில்லாத வாகன நிறுத்துமிடம் ஒன்றில் சில காலைப்பொழுதுகள் செலவிட்ட பிறகு வருவது நல்லது. கற்றுக்கொள்ள ஏற்ற இடம் வாகன நிறுத்துமிடமே, கீழே கடல் தெரியும் கொண்டை ஊசி வளைவு அதற்கான இடமில்லை.

ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் ஓட்டுவோம்?

திட்டத்தில் 150 என்றும் 180 என்றும் இருப்பதைப் பார்த்து, இதைக் காலை உணவுக்குள் முடித்துவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. முதல் நாள் மாலையில் அந்தக் கேள்வி தானாகவே நின்றுவிடும். மேற்குக் கடற்கரையில் கால்வியிலிருந்து போர்த்தோ வரையிலான தொலைவு எண்பது கிலோமீட்டரை எட்டாது. ஆனால் நிறுத்தங்கள் இல்லாமலேயே அதற்கு இரண்டு மணி நேரம் ஆகும், புகைப்படம் எடுப்பவர்கள் இருவர் குழுவில் இருந்தால் மூன்று. உட்பகுதி மலைச்சாலைகளில் சராசரி வேகம் மணிக்கு 40 கிலோமீட்டர் என்று கணக்கிட்டுக்கொள்வது நேர்மையானது. அந்த நாற்பதிலும் ஒவ்வொரு நிமிடமும் பிரேக், கியர், பார்வை, உடல் சாய்வு என்று வேலை இருப்பதால், நேர்சாலையில் 400 கிலோமீட்டர் ஓட்டியதற்கு ஈடான களைப்பு 150-இலேயே வந்துவிடும். 200-ஐத் தாண்டும் நாளை நாங்கள் திட்டத்தில் வைப்பதில்லை. அப்படி வைத்தால் கடைசி ஐம்பது கிலோமீட்டரை எல்லோரும் களைத்த கண்களோடு ஓட்ட வேண்டியிருக்கும்.

எந்த மாதம் ஏற்றது?

மே பிற்பகுதி, ஜூன், செப்டம்பர். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் வெயிலைவிடப் போக்குவரத்தே பெரிய தொல்லை. குறுகிய கடலோரச் சாலையில் கேம்பர் வேன்களுக்குப் பின்னால் ஊர்ந்து கொண்டிருக்க நேரும். கோடையில் பலத்த காற்றும் வறட்சியும் சேரும் நாள்களில் காட்டுத்தீ அச்சத்தால் சில வனப்பகுதிகளுக்குள் நுழைய நிர்வாகம் தடை விதிப்பதும் உண்டு. ஏப்ரலில் உயரமான கணவாய்களில் பனி எஞ்சியிருக்கக்கூடும். அக்டோபரில் வெளிச்சம் மிக அழகாக இருந்தாலும் பகல் சுருங்கிவிடுகிறது, கனமழையும் வரலாம்.

வானிலை எச்சரிக்கையை எந்த மாதமானாலும் அலட்சியப்படுத்தக் கூடாது. 2022 ஆகஸ்ட் 18-ஆம் தேதி காலை மேற்குக் கரையைத் தாக்கிய புயலில் காற்று மணிக்கு 200 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் வீசியது. அது கோடை விடுமுறையின் நடுப்பகுதி. முகாம்களில் தங்கியிருந்தோரும் உயிரிழந்தனர். பிரெஞ்சு வானிலைத் துறை ஆரஞ்சு எச்சரிக்கை விடுத்தால் அன்று வண்டி எடுப்பதில்லை என்பது எங்கள் விதி. யார் எவ்வளவு முணுமுணுத்தாலும் அதில் மாற்றமில்லை.

தீவுக்கு எப்படிச் செல்வது? கப்பலில் வண்டியை யார் கட்டுவார்கள்?

பிரான்சின் மார்செய், தூலோன், நீஸ் துறைமுகங்களிலிருந்தும், இத்தாலியின் ஜெனோவா, சவோனா, லிவோர்னோ துறைமுகங்களிலிருந்தும் வாகனங்களை ஏற்றும் கப்பல்கள் செல்கின்றன. லிவோர்னோவிலிருந்து பஸ்தியாவுக்கு நான்கு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகும். மார்செயிலிருந்து புறப்படுவது பெரும்பாலும் இரவுப் பயணம். அறை எடுத்துக்கொண்டு படுத்தால் காலையில் நேராகச் சாலையில் இறங்கலாம். நாற்காலியில் தூங்கிவிடலாம் என்று அறைக் காசை மிச்சப்படுத்துபவர்கள் மறுநாள் முதல் மலையேற்றத்திலேயே அதற்கான விலையைக் கொடுப்பார்கள்.

கப்பலுக்குள் செல்லும் சாய்தளம் இரும்பாலானது, பல வேளைகளில் ஈரமாகவும் எண்ணெய்ப் பசையுடனும் இருக்கும். ஆகவே நேராக, சீரான வேகத்தில், முன் பிரேக்கைத் தொடாமல் ஏறுங்கள். உள்ளே சென்றதும் வண்டியை முதல் கியரில் விட்டு, பக்கவாட்டுத் தாங்கியில் நிறுத்துங்கள். நடுத்தாங்கியில் நிறுத்தினால் கப்பல் ஆடும்போது வண்டி முன்னோக்கி நழுவி விழ வாய்ப்புண்டு. கட்டும் பட்டைகளைக் கப்பல் ஊழியர்கள் தருவார்கள். சிலர் தாங்களே கட்டிவிடுவார்கள், சிலர் பட்டையைக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். இருக்கையின் மேல் பட்டை அழுத்தும் இடத்தில் வைக்க ஒரு பழைய துண்டும், நீங்களே கட்டக்கூடிய பட்டை ஒன்றும் வைத்திருப்பது நல்லது. திருட்டு எச்சரிக்கை ஒலிப்பானை அணைத்துவிடுங்கள். கடலில் செல்லும்போது வாகனத் தளத்தைப் பூட்டிவிடுவதால், இரவுக்கு வேண்டியதைத் தனிப் பையில் எடுத்துக்கொண்டு மேலே செல்லுங்கள்.

சொந்த வண்டியா, வாடகை வண்டியா? எந்த வகை?

ஐரோப்பாவில் வசிப்பவர்கள் சொந்த வண்டியில் வருவதே நல்லது, பழகிய கிளட்ச்சுக்கு மாற்று கிடையாது. தொலைவிலிருந்து வருபவர்களுக்கு பஸ்தியாவிலும் அஜாக்சியோவிலும் வாடகை வண்டிகள் கிடைக்கும். வாடகை ஒப்பந்தத்தில் விபத்து நேர்ந்தால் நீங்கள் ஏற்க வேண்டிய தொகை எவ்வளவு என்ற வரியைப் படித்த பின்பே கையெழுத்திடுங்கள். அந்தத் தொகை கடன் அட்டையில் முடக்கப்படும் என்பதால் அட்டையில் போதிய வரம்பு இருக்க வேண்டும்.

வகையைப் பொறுத்தவரை, 500 முதல் 900 சிசி வரையிலான, நிமிர்ந்து உட்காரும் நடுத்தர வண்டியே இச்சாலைகளுக்குப் பொருந்தும். பெரிய டூரிங் வண்டிகள் கடலோரத்தில் கம்பீரமாகச் செல்லும். ஆனால் ஒன்றரை வாகன அகலமே உள்ள மலைக்கிராமச் சாலையில், எதிரே வரும் பேருந்துக்கு வழிவிட்டுச் சரிவில் நிற்கும்போது அவற்றின் எடை முழுவதும் உங்கள் ஒரு காலில் இருக்கும். புறப்படுமுன் டயரும் பிரேக் பேடும் பாதிக்கு மேல் தேய்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள். தீவின் கரடுமுரடான தார் டயரை விரைவாகத் தின்றுவிடும்.

உரிமம், காப்பீடு, சட்டம் தொடர்பாக என்னென்ன தேவை?

நீங்கள் ஓட்டும் வண்டியின் வகைக்குச் செல்லுபடியாகும் மோட்டார் சைக்கிள் உரிமம் கட்டாயம். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வழங்கப்பட்ட உரிமம் வைத்திருப்பவர்கள், அது பிரெஞ்சு மொழியில் இல்லாவிட்டால், பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியையோ அதிகாரபூர்வ மொழிபெயர்ப்பையோ சேர்த்து வைத்திருக்க வேண்டும். பன்னாட்டு அனுமதி தனியாகச் செல்லாது, மூல உரிமமும் கையில் இருக்க வேண்டும். கோர்சிகாவுக்கும் ஷெங்கன் விசா விதிகளே பொருந்தும்.

பிரான்சில் 2016 நவம்பர் 20 முதல் ஓட்டுபவரும் பின்னால் அமர்பவரும் ஐரோப்பியப் பாதுகாப்புத் தரத்தைக் குறிக்கும் சிஇ முத்திரை பெற்ற கையுறை அணிவது சட்டப்படி கட்டாயம். மீறினால் 68 யூரோ அபராதம். அதே ஆண்டு தொடக்கத்திலிருந்து ஒளிரும் மேலங்கி ஒன்றையும் உடன் வைத்திருக்க வேண்டும். வண்டி பழுதாகிச் சாலையோரம் நிற்கும்போது அதை அணிய வேண்டும். இரத்தத்தில் ஆல்கஹால் அளவு லிட்டருக்கு 0.5 கிராமைத் தொடக்கூடாது என்பது சட்டம். வண்டிச் சாவி பையில் இருக்கும்வரை ஒரு மிடறும் கூடாது என்பது எங்கள் குழு விதி. காதுக்குள் செருகும் இயர்போன்களுக்குத் தடை உண்டு, ஹெல்மெட்டுக்குள் பொருத்தப்பட்ட இண்டர்காம் ஒலிபெருக்கிக்குத் தடையில்லை. ஊர்களுக்குள் வேக வரம்பு 50, நடுத்தடுப்பு இல்லாத இருவழிச் சாலைகளில், பலகை வேறுவிதமாகச் சொல்லாதவரை, 80. மலையில் அந்த எண்பதை எட்டும் வாய்ப்பே அரிது என்பது வேறு விஷயம்.

குழு எப்படி ஒழுங்காகச் செல்லும்? முன்னால் போகிறவர் கண்ணுக்குத் தெரியாவிட்டால் என்ன செய்வது?

குழுப் பயணங்களில் நேரும் விபத்துகளுக்கு வளைவைக் காட்டிலும், முன்னால் சென்றவரை எட்டிப்பிடிக்க வேண்டும் என்ற தவிப்பே காரணமாக இருப்பதை நாங்கள் திரும்பத் திரும்பப் பார்க்கிறோம். வரிசையின் தலைப்பகுதி ஒரு வளைவைத் தாண்டி வேகமெடுக்கும்போது, வால்பகுதி இன்னும் அதே வளைவுக்கு முன்னால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கும். இடைவெளி அகலும். அதை மூட, கடைசியில் வருபவர், முன்னால் சென்று வழிநடத்தும் லீட் ரைடரைவிட வேகமாக ஓட்ட வேண்டிவரும். அதாவது அனுபவம் குறைந்தவரைப் பின்னால் விட்டால், குழுவிலேயே மிக வேகமாக ஓட்ட வேண்டிய பொறுப்பை அவர் தலையில் கட்டுகிறோம்.

இதற்கு நாங்கள் கையாளும் முறை எளிது. நேராகச் செல்லாமல் திரும்ப வேண்டிய ஒவ்வொரு சந்திப்பிலும் லீட் ரைடருக்கு அடுத்து வருபவர், லீட் கை காட்டிய இடத்தில் ஓரமாக நின்றுவிடுவார். பின்னால் வரும் அனைவருக்கும் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதைக் காட்டிக்கொண்டே இருப்பார். எல்லோருக்கும் கடைசியாக, ஒளிரும் மேலங்கி அணிந்த ஸ்வீப் ரைடர் வந்ததும், அவருக்கு முன்னால் வரிசையில் சேர்ந்துகொள்வார். அடுத்த சந்திப்பில் நிற்பது அப்போது இரண்டாவதாக இருப்பவரின் வேலை. இப்படி வரிசை தானாகவே சுழன்றுகொண்டிருக்கும். முன்னால் போகிறவரைப் பார்வையில் வைத்திருக்க வேண்டிய தேவையே எவருக்கும் இல்லை. ஆள் நிற்காத சந்திப்பு வந்தால் நேராகச் செல்ல வேண்டும், அவ்வளவுதான்.

இம்முறை ஒரே ஒரு விதியை நம்பி நிற்கிறது. நிறுத்தப்பட்டவர் ஸ்வீப் வரும்வரை இடத்தை விட்டு நகரக் கூடாது. பத்து நிமிடமானாலும், இருபது நிமிடமானாலும், வெயில் மண்டையைப் பிளந்தாலும் நகரக் கூடாது. யாரோ ஒருவருக்கு டயர் பஞ்சராகி ஸ்வீப்பும் அவரோடு நின்றிருக்கலாம், அப்போது காத்திருப்பவர் கிளம்பிவிட்டால் பின்னால் வருபவர்கள் வேறு பள்ளத்தாக்கில் போய் இறங்குவார்கள். நிற்கும் இடத்தையும் யோசித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். வளைவின் முனையில் நிற்காமல், தொலைவிலிருந்தே தெரியும் இடத்தில், வண்டி முழுவதும் சாலைக்கு வெளியே இருக்கும்படி நிற்க வேண்டும்.

ஒரு குழுவில் எட்டு வண்டிகளுக்கு மேல் வைப்பதில்லை. அதற்கு மேல் ஆள் சேர்ந்தால் இரண்டாகப் பிரித்து, இருபது நிமிட இடைவெளியில் அனுப்புகிறோம். நேர்சாலையில் ஒன்றுவிட்டு ஒன்று இடம் வலமாகச் செல்லலாம். வளைவுகளில் ஒற்றை வரிசைதான், ஒவ்வொருவருக்கும் தன் பாதையின் முழு அகலமும் தேவைப்படும். குழுவுக்குள் ஒருவரை ஒருவர் முந்துவது, முன்னால் இருப்பவர் கை காட்டி வழிவிட்டால் மட்டுமே. லீட்டையும் ஸ்வீப்பையும் முந்துவதற்கு அனுமதி இல்லை.

நான் மெதுவாக ஓட்டுபவன். மற்றவர்களுக்குத் தொந்தரவாக இருப்பேனா?

இல்லை. மேற்சொன்ன முறையின் நோக்கமே அதுதான். கணவாயின் உச்சியில் நீங்கள் வந்து சேரும்போது மற்றவர்கள் காப்பியைப் பாதி குடித்திருப்பார்கள். உங்கள் காப்பியையும் நீங்கள் குடித்து முடித்த பிறகே குழு கிளம்பும். வந்த உடனே கிளம்பினால், ஓய்வு மிகவும் தேவைப்பட்டவருக்கே ஓய்வு கிடைக்காமல் போகும். மெதுவாக ஓட்டுபவரைக் காட்டிலும், தன் அளவுக்கு மீறி ஓட்டிக்கொண்டு நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்பவரே ஸ்வீப் ரைடரைக் கவலைப்படுத்துகிறார்.

கொண்டை ஊசி வளைவுகளை எப்படி எடுப்பது?

இங்கே வண்டிகள் வலப்பக்கம் செல்வதால், வலப்பக்கக் கொண்டை ஊசி வளைவு உட்புறப் பாதையில் அமைகிறது, அதுவே மிக இறுக்கமானது. ஏற்றத்தில் வரும் வலப்பக்க வளைவில் உட்புறம் படிக்கட்டு போலச் செங்குத்தாக இருக்கும். பலர் வண்டியைச் சாய்ப்பது அங்கேதான், அதுவும் நடை வேகத்தில். வளைவுக்கு முன்பே முதல் கியருக்கு வந்துவிடுங்கள். உங்கள் பாதைக்குள்ளேயே நடுக்கோட்டை ஒட்டி நுழைந்து, வளைவு முடியும் இடம் நோக்கித் தலையைத் தோள்வரை திருப்புங்கள். முன் பிரேக்கை விட்டுவிட்டு, பின் பிரேக்கை லேசாக அழுத்தியபடி, கிளட்ச்சைப் பாதி பிடித்து, ஆக்சிலரேட்டரைச் சீராகக் கொடுங்கள். முன் சக்கரத்துக்குக் கீழே இருக்கும் தாரைப் பார்த்தால் வண்டி அங்கேயே போய் நிற்கும், நின்றால் உட்புறமாக விழும். கண் எங்கே செல்கிறதோ வண்டியும் அங்கேயே செல்லும். எதிர்ப்புறத் தடுப்புச் சுவரை உற்றுப் பார்ப்பவர்கள் அதை நோக்கியே இழுக்கப்படுவதும் இதனால்தான்.

கொண்டை ஊசி அல்லாத, மறுமுனை தெரியாத வளைவுகளில் வேறொரு பழக்கம் வேண்டும். சாலையின் இரு ஓரங்களும் ஒன்றுசேர்வது போலத் தோன்றும் புள்ளியைக் கவனியுங்கள். நீங்கள் செல்லச் செல்ல அந்தப் புள்ளியும் விலகிச் சென்றால் வளைவு விரிகிறது. அது உங்களை நோக்கி நெருங்கினால் வளைவு இறுகுகிறது, வேகம் குறைய வேண்டும். கண்ணுக்குத் தெரியும் தொலைவுக்குள், அதுவும் உங்கள் பாதிச் சாலைக்குள்ளேயே, நிறுத்த முடியாத வேகம் எதுவானாலும் அது அதிக வேகம். இடப்பக்க வளைவில் வண்டி சாயும்போது சக்கரம் உங்கள் பாதையில் இருந்தாலும் தலையும் தோளும் நடுக்கோட்டைத் தாண்டி எதிர்ப்பாதைக்குள் சென்றுவிடும். எதிரே வரும் வேனின் கண்ணாடி அந்த உயரத்தில்தான் இருக்கும். அதனால் இடப்பக்க வளைவுகளில் சற்று வலமாகவே இருங்கள்.

எங்கள் ஊரில் இடப்பக்கம் ஓட்டுவோம். வலப்பக்கம் பழகுமா?

ஓடிக்கொண்டிருக்கும்போது அரை நாளில் பழகிவிடும். தவறு நேர்வது நின்று கிளம்பும்போதுதான். பெட்ரோல் பங்கிலிருந்து வெளியேறும்போது, ஆளில்லாத சாலையில் புகைப்படம் எடுத்துவிட்டுக் கிளம்பும்போது, காலையில் விடுதி வாசலைத் தாண்டும்போது, கை பழைய பக்கத்துக்குப் போய்விடும். பெட்ரோல் டேங்கின் மேல் வலப்புறம் காட்டும் அம்புக்குறி ஒன்றை ஒட்டி வையுங்கள். வலப்புறச் சிறு சாலையிலிருந்து வரும் வண்டிக்கு, பலகை ஏதும் இல்லாவிட்டால், முன்னுரிமை உண்டு என்ற பிரெஞ்சு விதியையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பன்றிகள் சாலையில் திரியும் என்பது உண்மையா?

உண்மைதான். கோர்சிகாவில் பன்றிகளையும் மாடுகளையும் ஆடுகளையும் மலையில் அவிழ்த்துவிட்டு வளர்க்கிறார்கள். எவீசாவுக்கும் வெர்ஜியோ கணவாய்க்கும் இடையிலான காட்டுச் சாலையில் பன்றிக் கூட்டம் தார்ச்சாலையின் நடுவே படுத்துக்கிடப்பது அன்றாடக் காட்சி. அவை நகர்வதாக இல்லையென்றால் நடை வேகத்துக்கு வந்து, ஹாரன் அடிக்காமல், ஓரமாகச் சுற்றிச் செல்லுங்கள். உணவு கொடுக்கவே கூடாது. சுற்றுலாப் பயணிகள் ரொட்டி கொடுத்துக் கொடுத்துத்தான் அவை நிற்கும் வண்டிகளிடம் பையைத் தேடி வரப் பழகியிருக்கின்றன. ஒரு குட்டி சாலையைக் கடந்தால் பின்னால் இன்னும் நான்கு வரும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். சாலையில் புதிய சாணம் தெரிந்தால் அடுத்த வளைவுக்கு அப்பால் மாடு நிற்கிறது என்று பொருள். அந்தச் சாணமே வழுக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்க. இருட்டிய பிறகு மலையில் ஓட்டுவதில்லை என்று நாங்கள் வைத்திருப்பதற்கு முதற்காரணம், கறுத்த பசு விளக்கு வெளிச்சத்தில் மிகத் தாமதமாகவே தெரியும் என்பதுதான்.

தவறவிடக் கூடாத சாலைகள் எவை? எந்தத் திசையில் சுற்றுவது?

வலப்பக்கம் ஓட்டும் நாட்டில் தீவை வடக்கிலிருந்து மேற்காக, பின் தெற்காக, அதாவது கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றினால், கடல் எப்போதும் உங்கள் பக்கத்திலேயே இருக்கும். காட்சிக்கு அதுவே சிறந்தது. ஆனால் சரிவும் உங்கள் பக்கத்திலேயே இருக்கும், பல இடங்களில் தடுப்புச் சுவர் முழங்கால் உயரம்கூட இருக்காது. உயரத்துக்கு அஞ்சுபவர்கள் எதிர்த்திசையில் சென்றால் மலையை ஒட்டியபடி நிம்மதியாக ஓட்டலாம். எங்கள் குழு கடல்பக்கத்தையே தேர்ந்தெடுக்கிறது. அஞ்சுபவர் எவராவது இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

பஸ்தியாவில் இறங்கியதும் முதல் நாளுக்கு ஏற்றது, வடக்கே விரல் போல நீண்டிருக்கும் கப் கோர்ஸ் முனையைச் சுற்றும் டி80 சாலை. கிழக்குக் கரை இதமானது. மேற்குக் கரையில் சாலை பாறையில் தொங்குவது போலச் செல்லும். அங்கே நோன்சா ஊருக்குக் கீழே தெரியும் கருஞ்சாம்பல் நிறக் கடற்கரை இயற்கையாக அமைந்ததன்று. 1965-இல் மூடப்பட்ட கனாரி ஆஸ்பெஸ்டாஸ் சுரங்கம் கடலில் கொட்டிய கழிவுப் பாறை ஒதுங்கி உருவானது. மேலிருந்து பார்ப்பதோடு நாங்கள் நிறுத்திக்கொள்கிறோம்.

கால்வியிலிருந்து தெற்கே போர்த்தோவுக்குச் செல்லும் கடலோரச் சாலையின் முதற்பகுதியில் தார் பெயர்ந்தும் ஒட்டுப்போட்டும் இருக்கும், பொறுமை வேண்டும். போர்த்தோவுக்கும் பியானாவுக்கும் இடையே பன்னிரண்டு கிலோமீட்டர் அளவில் வரும் கலான்ஷ் பகுதிதான் தீவின் மிகப் பெயர்பெற்ற சாலை. செந்நிறக் கருங்கல் தூண்களுக்கு நடுவே, இரண்டு கார்கள் சிரமப்பட்டு விலகும் அகலத்தில், டி81 வளைந்து செல்கிறது. இப்பகுதி 1983 முதல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் உள்ளது. பகல் பத்து மணிக்கு மேல் சுற்றுலாப் பேருந்துகள் வந்துவிட்டால் அங்கே ஓட்டுவதற்கு ஒன்றும் மிஞ்சாது. ஆகவே முந்தைய இரவு போர்த்தோவில் தங்கி, காலை ஏழு மணிக்கே கிளம்பி, பியானாவில் காலை உணவு உண்டு திரும்புகிறோம். மாலை வெயிலில்தான் பாறை செக்கச் செவேலென்று எரியும் என்பது உண்மை, ஆனால் மேற்கே சாயும் சூரியன் நேராகக் கண்ணில் விழும்.

எனினும், ஒரே ஒரு சாலைக்குத்தான் நேரம் இருக்கிறது என்று யாராவது சொன்னால், நாங்கள் கலான்ஷைச் சொல்ல மாட்டோம். போர்த்தோவிலிருந்து உள்ளே ஏறும் டி84-ஐச் சொல்வோம். கடல் மட்டத்திலிருந்து கிளம்பி, செஸ்நட் மரங்கள் சூழ்ந்த எவீசாவைக் கடந்து, ஐதோன் காட்டின் உயர்ந்த பைன் மரங்களுக்கிடையே ஏறி, தீவில் வாகனம் செல்லும் கணவாய்களில் மிக உயரமான வெர்ஜியோவை 1,477 மீட்டரில் தொடுகிறது. முப்பது கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட அந்தத் தொலைவுக்குள் வெப்பநிலை பத்துப் பாகைகூட இறங்கும் என்பதால், கீழே வியர்த்தவர்கள் மேலே சட்டையை இறுக்கிக்கொள்வார்கள். மறுபக்கம் இறங்கினால் கலகூச்சா ஏரியைத் தாண்டி, கோலோ ஆறு குடைந்த ஸ்கலா தி சாந்தா ரெஜினா என்ற பள்ளத்தாக்கு வருகிறது. இருபுறமும் பாறைச் சுவர், நடுவே ஆறும் சாலையும். அங்கிருந்து கோர்த்தே தொலைவில் இல்லை. 1755 முதல் 1769 வரை கோர்சிகா தனிக் குடியரசாக இருந்தபோது தலைநகரமாக விளங்கிய மலைநகரம் அது, இரவு தங்க ஏற்றது.

தெற்கே செல்ல, விவாரியோவிலிருந்து சோர்பா, வெர்தே கணவாய்கள் வழியாகச் சிக்காவோ செல்லும் டி69 ஆள் நடமாட்டம் குறைந்த சாலை. அதன் பின் சோன்சாவிலிருந்து 1,218 மீட்டர் உயரமுள்ள பவெல்லா கணவாய் வழியாகச் சொலென்சாராவுக்கு இறங்கும் டி268. ஊசிக் கோபுரங்கள் போன்ற பாறைகள் தலைக்கு மேல் நிற்கும் இந்த இறக்கத்தில் இரண்டாம் கியரும் எஞ்சினின் பிடிப்பும் வேலை செய்யட்டும். பிரேக்கைத் தொடர்ந்து அழுத்திக்கொண்டே வந்தால் அது சூடேறிப் பிடிப்பிழக்கும். கிழக்குக் கரையின் டி10 (T10) நெடுஞ்சாலை பஸ்தியாவில் கப்பலைப் பிடிக்க உதவும், அதைத் தவிர அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

பின்னிருக்கையில் துணையை அழைத்து வரலாமா?

தாராளமாக. ஆனால் பின்சக்கர சஸ்பென்ஷனையும் டயர் காற்றழுத்தத்தையும் இருவர் எடைக்கேற்ப மாற்றுங்கள். அமர்பவருக்கும் முழுப் பாதுகாப்பு உடை இருக்க வேண்டும். வளைவில் அவர் எதிர்ப்பக்கம் நிமிராமல், ஓட்டுபவரின் உட்புறத் தோளுக்கு மேலாகப் பார்த்தால் போதும். குமட்டல் உள்ளவர்கள் மருந்தைக் காலையிலேயே எடுத்துக்கொள்ளட்டும். இரண்டாம் நாள் இறுதியில் அவர் இறங்கும்போது முகத்தைப் பாருங்கள், மூன்றாம் நாள் ஓய்வு வேண்டுமா என்பதற்கு விடை அதில் இருக்கும்.

பெட்ரோல், பணம், சாப்பாடு?

கடலோர ஊர்களில் பெட்ரோலுக்குக் கவலையில்லை. உட்பகுதியில் பங்குகள் அரிது, ஞாயிறும் மதிய இடைவேளையும் மூடியிருக்கலாம். டேங்க் பாதியானதும் அடுத்த பங்கில் எல்லோரும் நிரப்ப வேண்டும், ‘எனக்கு இன்னும் இருக்கிறது’ என்ற பதில் ஏற்கப்படாது. தானியங்கி பங்குகளுக்கு இரகசிய எண் உள்ள அட்டை தேவை. மலைக்கிராமங்களில் ரொக்கமாகக் கொஞ்சம் யூரோ இருக்கட்டும். உணவகங்களில் மதியம் இரண்டு மணிக்கு மேல் சமையலறையை மூடிவிடுவார்கள், திட்டமே அதை ஒட்டித்தான் போடப்படுகிறது. புரோச்சியு என்ற பாலாடைக்கட்டி நவம்பர் முதல் ஜூன் வரையில்தான் புதிதாகக் கிடைக்கும், மே மாதக் குழுவுக்கு அந்த அதிர்ஷ்டம் உண்டு.

வழிகாட்டிப் பலகைகளை நம்பலாமா?

பல பலகைகளில் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலின் மேல் வண்ணம் பூசி அழித்து, கோர்சிக மொழிப் பெயரை மட்டும் விட்டிருப்பார்கள். சிலவற்றில் துப்பாக்கிக் குண்டுத் துளைகளும் இருக்கும். இது தீவின் அரசியல், உங்களுக்கான மிரட்டல் இல்லை. இரண்டு பெயர்களும் உள்ள வரைபடத்தைக் கைப்பேசியில் இணையம் இல்லாமலும் திறக்கும்படி இறக்கி வையுங்கள், பள்ளத்தாக்குகளில் சமிக்ஞை கிடைக்காது.

விபத்து நேர்ந்தால் என்ன செய்வது?

முதலில், பின்னால் வருபவர்கள் அதே வளைவில் வந்து மோதாதபடி இருவர் நூறு மீட்டர் முன்னும் பின்னும் நின்று கை காட்ட வேண்டும். விழுந்தவரின் ஹெல்மெட்டை, மூச்சுத் தடை இல்லாதவரை, பயிற்சி பெறாதவர்கள் கழற்றக் கூடாது. அவசர எண் 112. சாலை எண்ணையும் ஓரத்திலுள்ள கிலோமீட்டர் கல்லின் எண்ணையும் சொன்னால் இடத்தைக் கண்டுபிடிப்பது எளிது. வேறொரு வாகனம் சம்பந்தப்பட்டிருந்தால், இரு தரப்பும் நிரப்பிக் கையெழுத்திடும் ஐரோப்பிய விபத்து அறிக்கைப் படிவம் தேவைப்படும், வாடகை வண்டியின் ஆவணங்களுடன் அது இருக்கிறதா என்று முதல் நாளே பாருங்கள். குழுவிலுள்ள ஒவ்வொருவரும் இரத்தப் பிரிவு, ஒவ்வாமை, உட்கொள்ளும் மருந்துகள், வீட்டாரின் தொலைபேசி எண் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி மேற்சட்டையின் இடப்பக்கப் பையில் வைத்திருக்க வேண்டும். எல்லோருக்கும் ஒரே பை என்றால் தேட வேண்டியதில்லை.

பக்கத்திலுள்ள சார்டினியாவையும் சேர்த்துக்கொள்ளலாமா?

போனிஃபாசியோவிலிருந்து சார்டினியாவின் சாந்தா தெரேசா கல்லூராவுக்குக் கப்பலில் ஒரு மணி நேரத்துக்குள் சென்றுவிடலாம் என்பதால் ஆசை வருவது இயல்பு. ஒரு வாரத்துக்குள் இரண்டு தீவுகளையும் அடைக்க முயன்றால் இரண்டிலும் கடலோர நெடுஞ்சாலையை மட்டுமே பார்த்துத் திரும்புவீர்கள். பத்து நாளாவது இருந்தால் செய்யலாம். அந்த நீரிணையில் காற்று பலமாக வீசும் நாள்களில் கப்பல் ரத்தாகிவிடும் என்பதால், திரும்பும் விமானத்துக்கு முந்தைய நாளில் இந்தக் கப்பல் பயணத்தை வைக்காதீர்கள். வாடகை வண்டியென்றால், அதை இத்தாலிக்குக் கொண்டுசெல்ல உரிமையாளரின் எழுத்துபூர்வ அனுமதியை முன்பதிவின்போதே வாங்கிவிட வேண்டும்.